உள்பக்கம் பாருங்கள்

உங்கள் உள்ளங்கையை ஒருமுறை விரித்துப் பாருங்கள். ரேகை ஜோசியம் சொல்லப் போவதில்லை. ஒரு காரின் டயர் தரையைத் தொடுகிற இடம் ஏறக்குறைய அவ்வளவுதான். நான்கு டயருக்கு நான்கு உள்ளங்கை. ஒரு டன் எடையுள்ள வண்டி, உள்ளே ஐந்து பேர், டிக்கியில் அரிசி மூட்டை, மேலே கொஞ்சம் தேங்காய். அத்தனையும் மணிக்கு எண்பது, நூறு கிலோமீட்டர் வேகத்தில் இந்த நான்கு உள்ளங்கையை நம்பித்தான் ஓடுகிறது. பிரேக் பிடிப்பதும் அதில்தான். வளைவதும் அதில்தான்.

இந்த உள்ளங்கை தரையில் முழுசாகப் பதிய வேண்டும். பதிகிறதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிற கோணங்கள் மூன்று. கேம்பர், காஸ்டர், டோ. பயந்துவிடாதீர்கள். நான் இன்ஜினீயரிங் பக்கமே போகாத பி.காம். எனக்குப் புரிந்தது உங்களுக்கும் புரியும்.

காரின் முன்னால் நின்று சக்கரத்தைப் பாருங்கள். செங்குத்தாக நின்றால் கேம்பர் ஜீரோ. சக்கரத்தின் மேல்பாகம் உள்பக்கமாக, இன்ஜினைப் பார்த்துச் சாய்ந்திருந்தால் நெகட்டிவ் கேம்பர். வெளியே சாய்ந்திருந்தால் பாசிட்டிவ். அவ்வளவுதான். 60 செ.மீ. உயரமுள்ள சக்கரத்தில் 1 டிகிரி சாய்வு என்றால் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் 1 செ.மீ. வித்தியாசம். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால், சிலருக்குச் செருப்பு ஒரு ஓரம் மட்டும் தேயும் இல்லையா? நடையில் உள்ள சாய்வை நாம் கவனிப்பதில்லை. செருப்பு கவனித்துவிடுகிறது. டயரும் அப்படித்தான்.

எனக்கு இந்த ஞானமெல்லாம் வந்தது கான்சாபுரத்தில்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்புப் பக்கம் போனால், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிற ஊர். மருதநாயகம் என்று நாம் சொல்கிற கான் சாகிப், 1764-ல் மதுரையில் தூக்கிலிடப்பட்டாரே, அவர் பெயரால் வந்த ஊர் என்பார்கள். வயல், தென்னந்தோப்பு, மாந்தோப்பு, தூரத்தில் மலை. பக்கத்து ஊர் கூமாபட்டி 2025-ல் ரீல்ஸில் பிரபலமாகி, சென்னை, கோயம்புத்தூர் கார்களெல்லாம் பிளவக்கல் அணையைத் தேடிப் படையெடுத்தது ஞாபகமிருக்கும்.

அப்படி வந்த கார்களில் ஒன்று தரையோடு தரையாக, பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு போனதாம். கான்சாபுரத்தில் இருக்கிற என் அக்கா மகன் அதைப் பார்த்தான். அன்று ராத்திரி அவன் தூங்கவில்லை என்று நினைக்கிறேன். அவனிடம் ஒரு பழைய ஸ்விஃப்ட் இருந்தது. அடுத்த மாதமே மதுரையில் ஒரு கடையில் கொடுத்து அதைக் 'குள்ளமாக்கி' வாங்கி வந்துவிட்டான்.

"எதுக்குப்பா இது?" என்று கேட்டேன்.

"மாமா, கம்பெனி ஹைட்ல டயருக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு பூனை குட்டி போட்டுப் படுத்துக்கிடலாம். பாக்கவே நல்லா இல்ல. இப்பப் பாருங்க, எப்படி நிக்குதுன்னு."

நிஜமாகவே நன்றாகத்தான் நின்றது. பாய்வதற்குத் தயாரான மாதிரி. அக்காவுக்கு மட்டும் வேறு அபிப்பிராயம். "காசு குடுத்துக் காரைக் குட்டையாக்கிருக்கான் உன் மருமகன். என் முட்டி இருக்கற லட்சணத்துல ஏறவும் முடியல, எறங்கவும் முடியல."

கடைக்காரர்கள் செய்தது எளிமையான வேலை. ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்றை வெட்டி எடுத்துவிட்டார்கள். வண்டி இரண்டு அங்குலம் இறங்கிவிட்டது. கூலி 3,000 ரூபாய். "அலைன்மென்ட் பண்ணணுமா?" என்று இவன் கேட்டதற்கு, "ஸ்பிரிங் செட்டாகட்டும் தம்பி, பெறகு பாத்துக்கிடலாம்" என்றார்களாம். ஸ்பிரிங் செட்டானது. இவன் மறந்துபோனான். ஆறு மாதத்தில் 9,000 கிலோமீட்டர் ஓடியாயிற்று.

இங்கே நடுவில் ஒரு பாடம்.

இன்றைக்கு நம் ரோட்டில் ஓடுகிற சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் மெக்பர்சன் ஸ்ட்ரட் என்கிற அமைப்பு இருக்கிறது. எர்ல் மெக்பர்சன் என்ற அமெரிக்க இன்ஜினீயர் 1940-களில் யோசித்தது. 1950-ல் இங்கிலாந்தில் ஃபோர்டு கம்பெனியின் கார்களில் வந்து உலகம் முழுக்கப் பரவியது. ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்கும். தூணின் தலை, பாடியில் மாட்டியிருக்கும். அடி, சக்கரத்தைப் பிடித்திருக்கிற நக்கிளில் இரண்டு போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும். நக்கிளின் கீழ்முனையை லோயர் ஆர்ம் என்கிற கை பிடித்துக்கொண்டிருக்கும். இந்தக் கை கதவு மாதிரி. ஒரு முனை வண்டியில் கீல் போட்டிருக்கிறது. மறுமுனை மேலும் கீழும் வட்டமாக வீசும்.

வண்டியை இறக்கினால் என்ன ஆகும்? பாடி கீழே வருகிறது, சக்கரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதாவது வண்டியைப் பொறுத்தவரை சக்கரம் மேலே போகிறது. கீழ்நோக்கிச் சாய்ந்திருந்த கை படுக்கைவசத்துக்கு வரும்போது அதன் நுனி வெளியே தள்ளப்படும். சக்கரத்தின் அடி வெளியே போனால் தலை உள்ளே சாயும். நெகட்டிவ் கேம்பர். யாரும் கேம்பரைத் தொடவில்லை. உயரத்தைத்தான் தொட்டார்கள். அது தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

இதோடு விட்டால் பரவாயில்லை. ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்கு வருகிற டை ராட் இன்னொரு வட்டத்தில் வீசுகிறது. இரண்டு வட்டமும் ஒன்றல்ல. அதனால் வண்டியை இறக்கும்போது டோவும் மாறிவிடும். டோ என்றால், மேலிருந்து பார்க்கும்போது இரண்டு முன் சக்கரங்களும் நேராகப் பார்க்கின்றனவா, முன்பக்கம் குவிந்தோ விரிந்தோ நிற்கின்றனவா என்கிற கணக்கு. தன் பாதத்தைத் தானே பார்த்து நடப்பவர்களும் இருக்கிறார்கள், பாதத்தை விரித்து வைத்து நடப்பவர்களும் இருக்கிறார்கள். அது மாதிரி.

டயரைத் தின்பதில் பெரிய பசிக்காரன் கேம்பர் அல்ல, டோதான். கேம்பர் சாய்த்துக் கொடுக்கும், டோ தேய்க்கும். இரண்டும் கூட்டுச் சேர்ந்தால் உள் ஓரம் காலி.

'ரேஸ் காரிலெல்லாம் சாய்த்துத்தானே வைத்திருக்கிறார்கள்?' என்று என் மருமகன் கேட்டான். நியாயமான கேள்வி. வேகமாக வளையும்போது வண்டி வெளிப்பக்கம் சாயும். அப்போது வெளிப்பக்கச் சக்கரமும் கூடவே சாய்ந்து ஓரத்தில் நிற்கப் பார்க்கும். முன்கூட்டியே உள்ளே சாய்த்து வைத்திருந்தால் அந்த நேரத்தில் டயர் தட்டையாகப் பதியும். அதற்குத்தான் அந்தச் சாய்வு. விளையாட்டு வீரர்களின் வீல்சேரில்கூடச் சக்கரம் சாய்ந்திருக்கும். சட்டென்று திரும்ப, கவிழாமல் நிற்க.

ஆனால், ரேஸ்காரர்களுக்கும் இதில் எல்லை உண்டு. 2011-ல் பெல்ஜியம் ஸ்பா பந்தயத்தில் பைரெல்லி டயர் கம்பெனி, முன் சக்கரத்துக்கு 4 டிகிரிக்கு மேல் வேண்டாம் என்று சொல்லியிருந்தது. ரெட் புல் அணி அதற்கும் கொஞ்சம் மேலே வைத்தது. தகுதிச் சுற்று முடிந்து பார்த்தால் முன் டயரில் கொப்புளம். வெட்டல் அந்தப் பந்தயத்தை ஜெயித்தார். ஆனால், அவருடைய அணிக்காரர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஃபார்முலா ஒன் பந்தயமே சுமார் 300 கிலோமீட்டர்தான். அதற்குள்ளும் டயர் மாற்றுவார்கள். நாமோ ஒரு செட் டயரில் 40,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, 'இன்னும் கொஞ்சம் தாங்கும்' என்கிற ஜாதி.

கதைக்கு வருகிறேன். லீவில் ஊருக்குப் போயிருந்தேன். மறுநாள் காலை அக்காவை முட்டிவலிக்காக மதுரைக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக ஏற்பாடு. கிருஷ்ணன்கோவில், டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் என்று நெடுஞ்சாலைப் பயணம். சித்திரை வெயில். "ஸ்டீயரிங் ஒரு பக்கமா இழுக்குது மாமா, ஒரு வாட்டி காமிச்சிட்டு வந்துருவோம்" என்றான் மருமகன். ஸ்ரீவில்லிபுத்தூரில் தெரிந்த மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனோம்.

அண்ணாச்சி வண்டியை வெளியிலிருந்து பார்த்தார். டயர் பளிச்சென்று இருந்தது. வெளி ஓரத்தில் பட்டன் எல்லாம் புதுசு மாதிரி. அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தார். இறங்கி வந்து, "சார், கையை உள்பக்கமா விட்டுத் தடவிப் பாருங்க. மெதுவா" என்றார்.

தடவினேன். ரப்பர் வழவழவென்று இருந்தது. இன்னும் உள்ளே போனதும் சுருக்கென்றது. கம்பி.

டயருக்குள் பெல்ட்டாகச் சுற்றியிருக்கும் எஃகுக் கம்பி, முள் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பட்டன் 1.6 மி.மீ. ஆழத்துக்குத் தேய்ந்தாலே டயரை மாற்ற வேண்டும். அதற்கு அடையாளமாக டயர்க்காரர்களே பள்ளத்துக்குள் சின்ன மேடு வைத்திருக்கிறார்கள். இங்கே மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

"வெளிய பாத்தா மாப்பிள்ளை, உள்ள பாத்தா கெழவன்" என்றார் அண்ணாச்சி. "நாளைக்கு மதுரைக்கா? இதுலயா? அம்மாவ வச்சுக்கிட்டா?"

மருமகன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நானும் பார்க்கவில்லை. நூறு கிலோமீட்டர் வேகத்தில், கொதிக்கிற தார் ரோட்டில் முன் டயர் வெடித்தால் என்ன ஆகும் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறுநாள் அக்கா வாடகைக் காரில் மதுரைக்குப் போனாள்.

டயரை மாற்றி, வண்டியை அலைன்மென்ட் மெஷினில் ஏற்றினார்கள். இடது சக்கரம் கேம்பர் மைனஸ் 2.1. வலது மைனஸ் 2.4. டோ ஒவ்வொரு பக்கமும் கால் டிகிரி விரிந்திருந்தது. கால் டிகிரிதானே என்று நினைக்காதீர்கள். பேப்பரும் பேனாவும் கிடைத்தால் பி.காம்.காரன் சும்மா இருக்க மாட்டான். கால் டிகிரி விலகிப் பார்க்கிற சக்கரம் ஒரு கிலோமீட்டர் ஓடினால் 4 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் இழுபடுகிறது. 9,000 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 39 கிலோமீட்டர். அதாவது அந்த டயர் உருளாமல், தரையில் உரசிக்கொண்டே அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

"கேம்பரை நிமித்திரலாமா அண்ணாச்சி?"

"நிமித்தலாம். ஆனா அலைன்மென்ட் கடைக்காரங்க இதுக்கு அட்ஜஸ்ட்மென்ட் இல்லன்னுதான் சொல்லுவாங்க. பொய் இல்ல அது. இந்த மாதிரி வண்டில கம்பெனி டோவுக்கு மட்டும்தான் திருகு வச்சிருக்கு."

வழி உண்டு. நக்கிளையும் ஸ்ட்ரட்டையும் சேர்க்கிற இரண்டு போல்ட்டில் ஒன்றைக் கழற்றிவிட்டு, நடுவில் கோணலான மேடு உள்ள கேம்பர் போல்ட்டைப் போடுவார்கள். அதைத் திருகினால் சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ நகரும். ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி வரை சரிசெய்யலாம். அதற்கும் மேல் வேண்டுமென்றால் ஸ்ட்ரட்டின் தலையில் நகர்த்தக்கூடிய கேம்பர் பிளேட். அது ரேஸ்காரர்கள் சமாச்சாரம். சத்தமும் அதிர்வும் நேராக உள்ளே வரும். ஓட்டையை ராவி நீளமாக்குவது என்று ஒரு நாட்டு வைத்தியமும் உண்டு. போல்ட் நழுவினால் கோணமும் நழுவும்.

வரிசை முக்கியம். முதலில் கேம்பர், அப்புறம்தான் டோ. கேம்பரைத் தொட்டால் டோ மாறிவிடும் என்பதால், தலைகீழாகச் செய்தால் செய்த வேலை வீண். டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும். புஷ், பால் ஜாயின்ட் ஆடக் கூடாது. ஆடுகிற மூட்டில் அளவெடுப்பது, ஆடுகிற குழந்தைக்குச் சட்டை அளவெடுப்பது மாதிரி. ஸ்விஃப்ட் போன்ற வண்டிகளின் பின்பக்கம் ஒரே உத்தரம் இரண்டு சக்கரத்தையும் பிடித்திருப்பதால், அங்கே கேம்பர் பெரிதாக மாறுவதில்லை.

"கேம்பர் போல்ட்டே போட்ருவோம் அண்ணாச்சி" என்றான் மருமகன். குரலில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது.

அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "போட்டா சக்கரம் நிமிந்துரும் தம்பி. ஸ்பிரிங்? வெட்டுனது ஒட்டுமா? பள்ளத்துல சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் எடத்தை விட்டு அசையுது. மேட்டுல ஏறுனா ஷாக் அப்சார்பர் அடியில போயி முட்டுது. நிக்கும்போது நான் நேராக்கிக் குடுத்துருவேன். ஓடும்போது ஸ்டீயரிங் துள்ளுறதுக்கு என்ட்ட போல்ட் கெடையாது."

நான் படித்த காலத்தில் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்த பாடம் இதுதான். இரட்டைப் பதிவு. 1494-ல் வெனிஸில் லூகா பச்சோலி அச்சில் போட்டுக் கொடுத்த முறை. ஒரு பக்கம் வரவு எழுதினால் மறுபக்கம் எங்கோ ஒரு பற்று விழுந்தே தீரும். எழுதாமல் விட்டால் விழாமல் போகாது. பேரேட்டில் தெரியாது, அவ்வளவுதான். வண்டி இரண்டு அங்குலம் இறங்கியது வரவு. பற்று எங்கே விழுந்தது? கேம்பரில், டோவில், ஸ்பிரிங்கில், அக்கா முட்டியில். டயரின் உள்பக்கம் யார் கண்ணுக்கும் தெரியாத இடம் என்பதால், கணக்கு டேலி ஆன மாதிரியே இருந்தது.

இன்னும் இரண்டு பற்று உண்டு. ஒன்று, ரோடு. இந்திய சாலை காங்கிரஸ் விதிப்படி வேகத்தடையின் உயரம் 10 செ.மீ. ஸ்விஃப்ட் தரையிலிருந்து நிற்பது சுமார் 17 செ.மீ. இரண்டு அங்குலம் போனால் மிச்சம் 12. ஐந்து பேர் ஏறினால் இன்னும் குறையும். அதுவும் விதிப்படி கட்டிய வேகத்தடைக்குத்தான் இந்தக் கணக்கு. எங்கள் ஊர்ப் பக்கம் வீட்டு வாசலில் ஆளாளுக்குப் போட்ட மண்மேட்டுக்கு எந்த விதியும் கிடையாது.

இரண்டாவது, சட்டம். 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு போடுகிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்ஷூரன்ஸ்காரர் கேட்கப்போகிற கேள்விகள் தனி.

மருமகன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "பழைய மாதிரியே ஸ்பிரிங் வாங்கிப் போட்ருங்க" என்றான். நான்கு ஸ்பிரிங், இரண்டு டயர், கூலி, அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து இருபதாயிரத்தைத் தாண்டியது. 3,000 ரூபாய் வேலையின் முழு விலை அது. கேம்பர் போல்ட் தேவைப்படவே இல்லை. உயரம் திரும்பியதும் சக்கரம் தானாகவே ஜீரோ பக்கம் வந்து நின்றது. டோவை மட்டும் திருகிச் சரிசெய்தார்கள். கேம்பரைக் கெடுத்தது உயரம். உயரத்தைச் சரிசெய்ததும் கேம்பர் குணமாகிவிட்டது.

வண்டியை இறக்குகிறவர்களை நான் கேலி செய்யவில்லை. இருபத்தைந்து வயதில் தன் வண்டி அழகாக நிற்க வேண்டும் என்று ஆசைப்படாதவன் யார்? ஆனால், அழகாக நிற்பது ஒரு வேலை, ஒழுங்காக ஓடுவது இன்னொரு வேலை. முதல் வேலைக்குக் காசு வாங்குகிற கடைக்காரர் இரண்டாவதைச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். அவர் சொல்லாவிட்டால் நீங்கள் கேட்க வேண்டும். கேம்பர் எவ்வளவு, டோ எவ்வளவு, அச்சடித்த தாளில் காட்டுங்கள் என்று கேளுங்கள்.

வண்டியை இறக்காதவர்களுக்கும் ஒரு வார்த்தை. பள்ளத்தில் பலமாக விழுந்து எழுந்த காருக்கும், புஷ் தேய்ந்த பழைய காருக்கும் இதே கோளாறு வரும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காப்பி குடித்த கையோடு வண்டியிடம் போங்கள். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடித்துவிட்டு, இன்ஜினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு, டயரின் உள் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். மறுபக்கமும் ஒடித்து அந்தச் சக்கரத்தையும் பாருங்கள்.

மெதுவாகத் தடவுங்கள். கம்பி இருந்தால் குத்தும்.